முதுகைப் பார்த்து வாங்கிய ரிம்

பழைய ஜப்பானிய உதிரிபாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் நான் நான்கு ரிம்மையும் கவிழ்த்துப் போட்டுக் குந்திக்கொண்டதைப் பார்த்து, கடை முதலாளியான தவுக்கே ஒரு மாதிரியாகச் சிரித்தார். அவர் கடைக்கு வருகிறவர்கள் ரிம்மை நிமிர்த்தி வைத்து, கைபேசியில் படம் பிடித்து, வீட்டுக்கு அனுப்பிச் சம்மதம் வாங்குவார்கள். ஆனால் ரிம்மின் ஜாதகம் முதுகில்தான் இருக்கிறது. 17×8, ஆஃப்செட் 45, ஐந்து துளை, அந்தத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமான பிசிடி 100. பக்கத்திலேயே ஜப்பானியச் சோதனை முத்திரைகளான ஜேடபிள்யூஎல்லும் விஐஏவும். எனக்கு வேண்டிய எண்கள் அத்தனையும் இருந்தன. என்கெய் ஆர்பிஎஃப்1, பழையது, ஜப்பானிலிருந்து வந்தது.

வண்டி முதல் தலைமுறை டொயோட்டா 86. சுபாருவோடு சேர்ந்து செய்த இரண்டு லிட்டர் பாக்ஸர் இன்ஜின், 200 குதிரைத்திறன், ஒன்றேகால் டன்னை ஒட்டிய எடை. கம்பெனி கொடுத்தது 17×7 ரிம், ஆஃப்செட் 48, அதில் 215/45 டயர். அந்த மிஷ்லின் பிரைமஸி டயர் பிரியஸ் காருக்கும் போட்ட ரகம். இதைக் கேள்விப்பட்டதும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இப்படி ஒரு டயரா என்று பலர் முகம் சுளித்தார்கள். கஞ்சத்தனமாக எனக்குத் தெரியவில்லை. தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா இந்த வண்டி பிடிமானத்தால் அல்ல, ஓட்டுபவர் கையால் திரும்ப வேண்டும் என்று விரும்பினார். குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் லேசாக ஆடும். ஸ்டீயரிங்கைத் தொட்டால் அடங்கிவிடும். ரிம் மாற்றப் போகிறவர் முதலில் இதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். நானே கொஞ்ச நாள் கெடுத்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

18 அங்குலம் போடச் சொல்லாத நண்பர் இல்லை. மட்கார்டு வளைவுக்குள் நிறைந்து நிற்கும், அழகுதான். 18க்கு வழக்கமாகப் போடும் 225/40 டயரின் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர். 17இல் இருக்கும் 215/45க்குக் கிட்டத்தட்ட 97. கேட்க அற்ப வித்தியாசம். மழைக்குப் பிறகு உலு யாம் பழைய சாலையில் தண்ணீர் மூடிய குழியில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள், அந்த 7 மில்லிமீட்டரின் மதிப்பு புரியும். ரிம் பெரிதானால் உலோகமும் சுழலும் மையத்திலிருந்து தள்ளிப் போகிறது. அதே எடையைச் சுழற்ற இன்ஜினுக்குக் கூடுதல் பாடு. 200 குதிரையில் அதையும் தானம் செய்ய எனக்கு மனமில்லை.

அடுத்தது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற அளவு. இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். கணக்கு எளிது. 7 அங்குலம் 8 ஆனால் அகலம் 25.4 மில்லிமீட்டர் கூடும். பாதி உள்ளே, பாதி வெளியே, ஆளுக்கு 12.7. ஆஃப்செட் 48இலிருந்து 45க்கு இறங்குவதால் ரிம் முழுவதும் 3 மில்லிமீட்டர் வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 15.7 கூடும், உள்ளே சஸ்பென்ஷன் பக்கம் 9.7 கூடும். என் வண்டியில் இரண்டு பக்கமும் விரல் நுழைய இடம் மிஞ்சியது. இதே ரிம் ஆஃப்செட் 30இல் கிடைத்திருந்தால் இன்னும் 15 மில்லிமீட்டர் வெளியே போயிருக்கும். டயர் மட்கார்டைத் தாண்டித் துருத்தினால் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சாலைத்தடுப்பில் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய ரிம் என்றால் டயர் ஏற்றும் முன் பேலன்ஸிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுற்ற விடுங்கள். என்னுடையதில் மூன்று பம்பரம் போல நின்று சுழன்றன. நான்காவதின் உள் விளிம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தலையாட்டியது. "நோ புரோப்ளெம் லா" என்று விற்ற கடை, திருப்பி எடுக்க மறுத்தது. நேராக்கிக் கொடுக்கும் பட்டறைக்குத் தனிச் செலவு. அந்த ரிம்மைப் பின்னால், இடது பக்கம் போட்டிருக்கிறேன்.

மாட்டும் நாளில்தான் உண்மையான கண்டம். புது ரிம்முக்குப் புது நட் வாங்கி வைத்திருந்தார்கள் டயர் கடையில், டொயோட்டாவுக்கானது. அங்கிருந்த தம்பி ஒரு நட்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றினான், இறுகிவிட்டது. உடனே காற்றுத் துப்பாக்கியைத் தூக்கினான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, டொயோட்டாதானே? எல்லாம் ஒரே நட்டுதான்."

"தம்பி, லோகோதான் டொயோட்டா. போல்ட்டு சுபாரு. பழைய நட்ட எடுத்துச் சுத்திப் பாரு."

பழையது விரலாலேயே கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனது. டொயோட்டாவின் வழக்கமான மரை 1.5 பிட்ச், 86இல் 1.25. துப்பாக்கி ஒரு நொடி ஓடியிருந்தால் போல்ட்டின் மரை சீவிப் போயிருக்கும். சரியான நட் வந்து சேர அரை நாள். அதற்குள் ஹப் ரிங்கும் வாங்கிவிட்டேன். ரிம்மின் நடுத்துளை 73, வண்டியின் ஹப் 56.1, இடைவெளியை அடைக்கும் அந்த வளையம் இருந்தால்தான் மாட்டும்போது ரிம் நடுவில் உட்காரும். துப்பாக்கியைத் தொடவிடாமல், டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒருமுறை.

இனி ஓட்டிய அனுபவம். ஒரு ரிம் சுமார் 7 கிலோ. என் குளியலறைத் தராசில் பழையதைவிட ஒன்றரைக் கிலோ குறைவு. வேகம் பறக்கிறது என்று சொல்ல ஆசைதான், எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது வேறு இடத்தில். தாமான் குடியிருப்புக்குள் இருக்கும் வேகத்தடைகளில் முன்பு 'தட், தட்' என்று இரண்டு சத்தம் கேட்கும், இப்போது ஒன்றுதான். சக்கரம் எகிறி எகிறிக் குதிக்காமல் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிடுகிறது.

நான் செய்த தவறு டயரில். 8 அங்குல ரிம்தானே என்று 225/45 ஏற்றினேன், அதுவும் நல்ல பிடிமானமுள்ள ரகம். கெந்திங் மலை ஏற்றத்தில் வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போனது. கீழே வந்தபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. முன்பு 60இல் சிரித்துக்கொண்டே ஆடிய பின்பக்கம், இப்போது நான் போகத் துணியாத வேகம் வரை அசையவே இல்லை. டயரின் விட்டமும் 9 மில்லிமீட்டர் கூடியதால் கியர் ஒவ்வொன்றும் சற்றே நீண்டு, இழுவையும் மந்தம்.

எட்டு மாதம் கழித்து அந்தச் செட்டை விற்றுவிட்டு, அதே ரிம்மில் பழைய 215/45 அளவுக்கே திரும்பினேன். 8 அங்குலம் அந்த அளவுக்கு அனுமதித்த கடைசி வரம்பு. பக்கச்சுவர் விறைப்பாக நிற்பதால் ஸ்டீயரிங் திருப்பிய உடனே மூக்கு திரும்புகிறது, பின்பக்கமும் பழையபடி விளையாடுகிறது. குறை என்றால் ரிம் விளிம்பைக் காக்க டயரில் சதை இல்லை. பார்க்கிங் ஓரக்கல்லில் ஒரு உரசல் ஏற்கெனவே வாங்கியாயிற்று. அப்புறம் ஒரு ரிம்முக்குப் பன்னிரண்டு ஆரக்கால். பிரேக் தூளைத் துடைக்கப் பல் தேய்க்கும் பிரஷ்தான் லாயக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதற்கே போய்விடுகிறது.