யாருடைய மின்சாரம் மிச்சம்?

வாகன வலையமைப்புகளில் ஆற்றல் சிக்கனமான ஹேண்டோவர் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வரிசையாக வாசித்து வருகிறேன். நான் பார்த்தவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. முன்னுரையில் சாலை விபத்து, நடுவில் ஒரு அல்காரிதம், கடைசியில் இத்தனை சதவீதம் மிச்சம் என்று ஒரு வரைபடம். யாருடைய மின்சாரம் மிச்சம் என்பதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கு.

பல கட்டுரைகளில் அது காருக்குள் இருக்கும் ரேடியோவின் மின்சாரம். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். மின்சாரக் கார் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 150 வாட்-மணி தின்னும். 100 கி.மீ. வேகத்தில் அது 15 கிலோவாட். ரேடியோ 5 வாட் எடுக்கிறது, அல்காரிதம் அதில் 30 சதவீதத்தை மிச்சம் பிடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரப் பயணத்தில் மிச்சம் 1.5 வாட்-மணி. கார் கூடுதலாகப் பத்து மீட்டர் ஓடும்! ஏசியை ஒரு நிமிஷம் நிறுத்தினாலே இதைவிட அதிகம் கிடைக்கும்.

இதற்காக ஹேண்டோவரைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 200 மீட்டர் அகலமுள்ள ஒரு சிறு செல்லை அந்த வேகத்தில் சுமார் ஏழு நொடியில் கடந்துவிடுவோம். அதில் தயங்கினால் இணைப்பே அறுந்துபோகும். 3ஜிபிபி 2020-இல் முடித்த ரிலீஸ் 16-இல் வந்த டாப்ஸ் முறை நேர் எதிர்த்திசையில் போகிறது. புது செல் கைக்கு வரும்வரை பழைய செல்லை விடாமல் இரண்டிலும் பேசும். கூடுதல் மின்சாரம் செலவாகும்தான். ஃபோனில் அது உறுத்தும், காரில் தாராளமாகச் செலவழிக்கலாம்.

விபத்து முன்னுரையும் பொருந்தவில்லை. பக்கத்து வண்டிக்குப் போகும் எச்சரிக்கையைக் கார்கள் பிசி5 வழியாக நேரடியாகவே பேசிக்கொள்ள முடியும். அந்தப் பாதையில் செல்கோபுரம் நடுவில் இல்லை, ஹேண்டோவருக்கும் வேலையில்லை.

சிக்கனம் தேவைப்படும் இடங்கள் வேறு. ஒன்று, ஆளே இல்லாத ராத்திரியிலும் மின்சாரம் குடிக்கும் கோபுரம். அதைத் தூங்க வைத்தால், கார் வந்து சேருவதற்குள் எழுப்பணும். இது நிஜமாகவே கஷ்டமான சிக்கல். இன்னொன்று, நடந்து போகிறவரின் ஃபோன். சுற்றியுள்ள கார்களின் செய்திக்காக அது விடாமல் காது கொடுத்துக்கொண்டிருந்தால் பாட்டரி சீக்கிரம் காலி. ரிலீஸ் 17 இதை உணர்ந்து, விட்டு விட்டுக் கேட்கும் முறையை நேரடித் தொடர்புக்கும் கொண்டுவந்தது. ஆனால் ஃபோன் தூங்கும் அந்த இடைவெளியில் கார் எத்தனை மீட்டர் நெருங்கியிருக்கும்? அந்த வரைபடத்தை யாராவது போட்டால் முதல் ஆளாக வாசிப்பேன்.