மறுப்பும் இரைச்சலா?

தகவல் தொடர்பியல் வகுப்பில், அனுப்புநரிடமிருந்து பெறுநருக்குச் செய்தி போவதையும் வழியில் இரைச்சல் குறுக்கிடுவதையும் அம்புக்குறிப் படமாகக் காட்டும் ஷானன்-வீவர் மாதிரியை முதல் பாடமாக வைப்பது ஏன் என்று கேட்டால், 'எளிமையாகத் தொடங்கினால்தானே புரியும், குறைகளைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்கிறார்கள் ஆசிரியர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் பதிந்த படம் பிறகு சொல்லும் குறைகளால் அழிவதில்லை.

ஷானன் மீது எனக்குக் குறை எதுவுமில்லை. பெல் ஆய்வகத்தில் 1948இல் அவர் தீர்த்தது பொறியியல் சிக்கல். செய்தியின் பொருளைப் பற்றித் தன் கணக்குக்குக் கவலையில்லை என்று கட்டுரைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். இன்றைய கைபேசியும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அடுத்த ஆண்டு நூலாக வந்தபோது அதை மனிதர் பேச்சுக்கும் நீட்டியவர் வாரன் வீவர்.

தவறு அங்கே தொடங்கியது. அனுப்பியது நினைத்தபடி போய்ச் சேரவில்லையா? வழியில் ஏதோ இரைச்சல். கேட்டவர் நன்றாகப் புரிந்துகொண்டே 'வேண்டாம்' என்பதற்கு இந்தப் படத்தில் ஓர் அம்புக்குறிகூட இல்லை.

1950களில் பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்திய கன்னா ஆய்வைப் பாருங்கள். வீடு தேடிவந்து கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். மக்கள் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள், பலர் பயன்படுத்தவில்லை. பின்னர், அந்த ஆய்வு நடந்த மானுப்பூர் கிராமத்துக்குப் போன ஆய்வாளர் மஹ்மூத் மம்தானி, ஒரு வீட்டில் அந்த மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிச் சிற்பம்போல் வைத்திருந்ததைத் தன் 1972ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்கிறார். தூரத்திலிருந்து வந்தவர்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் வாங்கினார்கள். நிலத்தில் பாடுபடப் பிள்ளைகள் வேண்டுமே! செய்தி ஒரு சொல்லும் சிதறாமல் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் வாழ்க்கைக் கணக்கு வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

1954லேயே தொடர்பியல் அறிஞர் ஷ்ராம் பின்னூட்டத்தைச் சேர்த்து இந்தப் படத்தை வட்டமாக்கிவிட்டாரே என்பார்கள். மானுப்பூரிலும் பின்னூட்டம் கிடைத்தது: 'வாங்கிக்கொண்டோம்.' அனுப்புநர் தன் அடுத்த செய்தியைத் திருத்திக்கொள்ள மட்டும் பயன்படும் பின்னூட்டம், அவருடைய நோக்கத்தை ஒருபோதும் கேள்வி கேட்காது. விழிப்புணர்வுப் பிரச்சாரம் தோற்றால் அறிக்கையில் 'மக்களின் அறியாமை' என்று தடைப் பட்டியல் எழுதுகிறவர்கள், இந்தப் படத்தை மனப்பாடம் செய்து தேர்வெழுதி வந்தவர்கள்தான்.

அந்தப் படம் மின்னணுவியல் துறையில் இருக்கட்டும். நம் மாணவர்களுக்கு முதல் வாரமே மம்தானியின் நூலைக் கொடுங்கள். ஷானனை மூன்றாம் ஆண்டில் படித்துக்கொள்வார்கள்.