ஈபாநெட்டின் தொட்டிக்கு மூலைகள் கிடையாது

ஈபாநெட் எனக்கு ரொம்பப் பிடித்த மென்பொருள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-ல் வெளியிட்டது. குடிநீர்க் குழாய்களில் அழுத்தம், ஓட்டம், குளோரின் அளவு எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தரும். இலவசம், மூல நிரலும் படிக்கக் கிடைக்கிறது. இருந்தாலும் அதன் தொட்டியைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆகணும். நான் நீர்ப் பொறியாளர் இல்லை, நிரல் எழுதிப் பிழைக்கிறவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எங்கள் குடியிருப்பில் 60,000 லிட்டர் சம்ப் இருக்கிறது. எதிரெதிர் மூலைகளில் இரண்டு மேன்ஹோல். தண்ணீரைப் பம்பால் எடுத்து, குளோரின் கலந்து, திரும்ப சம்ப்புக்கே விட எவ்வளவு பெரிய பம்ப் வேணும் என்று சங்கத்தில் கேட்டார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வேண்டுமென்றால் மொத்தம் 60 கிராம் குளோரின். 10 சதவீத ஹைப்போகுளோரைட்டில் சுமார் 600 மில்லி. ஈபாநெட்டில் ஒரு தொட்டி, ஒரு பம்ப், திரும்பி வரும் குழாய், அதில் நிமிடத்துக்கு 1,000 மில்லிகிராம் குளோரின் என்று வரைந்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். விடை 1. பம்ப் மணிக்கு 5,000 லிட்டர் தள்ளினாலும் 1, 20,000 தள்ளினாலும் 1. "சின்ன பம்ப்பே போதும்" என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன்.

பம்ப் ஓடிய முதல் நாள், பிளம்பர் இரண்டு மேன்ஹோலிலும் தண்ணீர் எடுத்து ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டுப் பார்த்தார். ஒன்று நல்ல மஞ்சள். இன்னொன்றில் நிறமே வரவில்லை. "சார், அந்த மூலைக்கு மருந்தே போகலையே" என்றார். இந்தியத் தரநிலைப்படி குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கணும்.

அப்புறம்தான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். தொட்டிக் கலப்புக்கு நான்கு மாதிரிகள் உண்டு. நாமாக மாற்றாவிட்டால் வருவது 'முழுக் கலப்பு': உள்ளே விழும் துளி அந்த நொடியே தொட்டி முழுக்கப் பரவிவிடும். அப்படிப்பட்ட தொட்டியில் சுற்றோட்டப் பம்புக்குக் கலக்கும் வேலையே இல்லை. தண்ணீர் கலக்குமா என்று நான் கேட்கிறேன். கலந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்கையே ஆரம்பிக்கிறது.

சரி, 'இரண்டு அறை' மாதிரியைப் போட்டேன். முதல் அறை 30 சதவீதம் என்று கொடுத்தேன். இதில் வரத்தும் போக்கும் முதல் அறையில்தான். அது நிரம்பி வழிந்தால்தான் இரண்டாவதற்குப் போகும். சுற்றோட்டத்தில் நீர்மட்டம் மாறாது, ஆகவே எதுவும் வழியாது. 18,000 லிட்டரில் 3.3 மில்லிகிராம், மீதி 42,000 லிட்டரில் பூஜ்யம். அந்த 30 யார் சொன்னது? நான்தான். குழாய் வாய் எத்தனை அங்குலம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மென்பொருள் கேட்கவே இல்லை.

இது வெறும் சம்ப் விவகாரம் இல்லை. 1993-ல் மிசௌரி மாநிலத்தின் கிடியன் என்ற சிற்றூரில் குடிநீர் வழியாக சால்மோனெல்லா பரவி, முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள் இறந்தார்கள். சந்தேகம் விழுந்தது பறவைகள் புகக்கூடிய ஒரு தொட்டி மீது. குளிர் வந்ததும் அடுக்கடுக்காக நின்ற தண்ணீர் புரண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அந்த நீர் ஊருக்குள் எப்படிப் போனது என்று தேட ஈபாநெட்டையே பயன்படுத்தினார்கள். குழாய்க்குள் அது கெட்டிக்காரன். ஆனால் அடுக்காக நிற்கும் தண்ணீர், முழுக் கலப்புத் தொட்டியில் இருக்கவே முடியாது.

மென்பொருளை எழுதிய லூயிஸ் ராஸ்மனுக்கு இது தெரியாததல்ல. 1999-ல் கிரேமனுடன் சேர்ந்து சிறு மாதிரித் தொட்டிகளில் செய்த ஆய்வில், கலப்பைத் தீர்மானிப்பது உள்ளே வரும் நீரின் உந்தம் என்று அவரே காட்டினார். ஓட்டம் குறையாமல் குழாய் வாயை 2 அங்குலத்திலிருந்து 1 ஆக்கினால் வேகம் 4 மடங்கு. கலக்கும் நேரம் பாதி. என் குறை அந்த முன்னிருப்புத் தேர்வின் மேல்தான். நம்மை மாதிரி ஆட்கள் அதைத் தொடவே மாட்டோம்.

குழாய் வாயைக் குறுக்கி, எதிர் மூலையைப் பார்க்கத் திருப்பினோம். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு மேன்ஹோலிலும் மஞ்சள். இப்போதெல்லாம் இரண்டு மாதிரியிலும் ஓட்டுகிறேன். விடைகள் ஒத்துப்போகாவிட்டால் சங்கத்தில் வாயைத் திறப்பதில்லை. வாளியை எடுத்துக்கொண்டு சம்ப்புக்குப் போகிறேன்.