சாவை எண்ணும் ஆய்வும் வளராத இறாலும்

இறால் தீவனத்தில் ஒரு மூலிகைச் சாற்றைக் கலந்து சில வாரம் கொடுப்பது, பிறகு கிருமியை ஊசியால் ஏற்றுவது, எத்தனை பிழைத்தன என்று எண்ணுவது: நம் கடலியல், மீன்வளத் துறைகளில் முனைவர் பட்டத்துக்கு இதுவே பழகிய பாதையாகிவிட்டது. மஞ்சள், வேம்பு, பூண்டு, கீழாநெல்லி, கடற்பாசி என்று பட்டியல் நீள்கிறது. முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: வளர்ச்சி கூடியது, எதிர்ப்பாற்றல் உயர்ந்தது, பிழைப்பு விகிதம் ஏறியது. குறை சொன்னால், “எல்லாவற்றையும் கட்டுப்பாட்டில் வைத்துச் சோதிப்பதுதான் அறிவியல், குளத்தில் எதை நிரூபிப்பது?” என்று பதில் வருகிறது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆய்வகத் தொட்டிச் சோதனையின் பயனை மறுப்பதற்கில்லை. 2009 வாக்கில் சீனாவில் தலைகாட்டி, பின்பு வியட்நாம், தாய்லாந்துப் பண்ணைகளையும் காலி செய்த இறால்களின் இளம்பருவச் சாவுக்கு ஒருவகை விப்ரியோ பாக்டீரியாதான் காரணம் என்று 2013-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் குழு நிறுவியது தொட்டியில்தான். நோயற்ற தாய் இறால்களைத் தேர்ந்தெடுக்க உதவும் பி.சி.ஆர். சோதனையும் ஆய்வகம் தந்த கொடையே. நோய்க்குக் காரணம் எது என்ற கேள்விக்குத் தொட்டி நல்ல இடம். ஆனால் ஒரு பொருள் பண்ணையில் பயன் தருமா என்பது வேறு கேள்வி.

முதலில் ஊசியைப் பார்ப்போம். வெள்ளைப்புள்ளி வைரஸ் 1994 முதல் இந்தியக் குளங்களை அழித்துவருகிறது. செத்த இறாலை இன்னொன்று தின்பது, நண்டுகள், தண்ணீர் என்று பல வழிகளில் அது உள்ளே வருகிறது. இறாலின் ஓடும் குடலும்தான் முதல் காவல். தீவனத்தில் கலந்த மருந்து முதலில் வேலை செய்ய வேண்டிய இடமும் குடல்தான். சோதனையிலோ வைரஸை வால்தசையில் நேரே செலுத்துகிறார்கள். வாசல் பூட்டு உறுதியா என்று பார்க்கக் கூரையைப் பிரித்து இறங்குவது போன்றது இது. ரத்த அணுக்களின் ஆற்றலையாவது அளக்கிறோமே என்பார்கள். அந்த அணுக்களின் எண்ணிக்கை, இறால் ஓடு கழற்றும் கட்டத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும். எந்தக் கட்டத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்பதைப் பல கட்டுரைகள் சொல்வதேயில்லை.

இதைவிடப் பெரிய குறை, சாவை மட்டுமே நோயின் அளவுகோலாக வைப்பது. இன்று பண்ணையாளர்களைக் கடனாளியாக்குவது கொல்லும் நோயைவிடக் கொல்லாத நோய்தான். 2009-இல் தாய்லாந்தில் அடையாளம் காணப்பட்ட இ.எச்.பி. என்ற நுண்ணுயிரி, பண்ணையில் லிவர் என்று சொல்லப்படும் கல்லீரல்-கணையத்தின் உயிரணுக்களுக்குள் குடியேறுகிறது. சர்க்கரையை எரித்துத் தானே ஆற்றல் ஆக்கும் திறனை இழந்துவிட்ட கிருமி அது. இறாலின் ஆற்றலை உறிஞ்சியே பெருகுகிறது. இறால் சாவதில்லை, தீவனம் தின்கிறது, வளர்வதில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட கணிப்பின்படி, வெள்ளைப்புள்ளியால் நாட்டுக்கு ஆண்டு இழப்பு ஏறத்தாழ 1,700 கோடி ரூபாய், இ.எச்.பி.யால் ஏறத்தாழ 4,000 கோடி. கிருமியை ஏற்றிப் பத்துப் பதினைந்து நாள் பிணம் எண்ணும் சோதனைக்கு இந்த 4,000 கோடி கண்ணிலேயே படாது.

வளர்ச்சியை அளக்கும் முறையிலும் இதே கோளாறு. அறுபதாம் நாள் வீசுவலை போட்டு அள்ளினால், இ.எச்.பி. புகுந்த குளத்தில் 12 கிராம் இறாலுக்குப் பக்கத்திலேயே 5 கிராம் இறால் துள்ளும். மொத்தமாக நிறுத்து எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி பெரிய அச்சம் தராது. வியாபாரி சராசரிக்கு விலை தருவதில்லை. கிலோவுக்கு எத்தனை என்ற கவுண்ட் பார்த்துத்தான் தருகிறார். ஒரே குளத்துக்குள் விழும் இந்த ஏற்றத்தாழ்வுதான் நோயின் முதல் அடையாளம். அதைச் சராசரிக்குப் பின்னால் ஒரு கூட்டல்-கழித்தல் குறியில் அடைத்துவிட்டு நகரும் ஆய்வு, நோயையே மறைத்துவிடுகிறது.

வளர்ச்சியும் நோயெதிர்ப்பும் இரு வேறு துறைகளல்ல. ஒரே ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்பவை. ஹவாய் ஓஷனிக் இன்ஸ்டிட்யூட்டில் வன்னாமி இறால்களைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தவர்கள், டாரா என்ற இறால் வைரஸுக்கு எதிர்ப்பு கூடும்போது வளர்ச்சி பின்வாங்குவதை 2002-லேயே பதிவுசெய்தார்கள். அப்படியிருக்க, ஒரே மூலிகைப் பொடி வளர்ச்சியையும் கூட்டி எதிர்ப்பையும் கூட்டுகிறது என்று வாராவாரம் படிக்கும்போது, அந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் ஒரு நெறியாளர்கூட இல்லையா? விடியற்காலையில் ஆக்சிஜன் சரிந்து, அடிச்சேறு கறுத்து, அம்மோனியா ஏறிய குளத்தில் அந்தப் பொடி என்ன செய்தது என்று ஒருவராவது பார்க்க வேண்டாமா? தெளிந்த நீரும் ஓயாத காற்றோட்டமும் உள்ள தொட்டியில், எட்டு வாரத்தில் கிடைத்த முடிவு ஆய்விதழில் வருகிறது. அதைக் காட்டித்தான் கடைக்காரர் டப்பா விற்கிறார். நாகப்பட்டினத்திலோ ராமநாதபுரத்திலோ குத்தகைக் குளம் பிடித்தவர் அதைக் கடனுக்கு வாங்கித் தீவனத்தில் பிசைகிறார். தோற்றால் அவர் பராமரிப்பின் மேல்தான் பழி.

மாற்று வழி கடினமானதல்ல. கிருமியை வாய்வழியாகவோ, நோயுற்ற இறாலோடு சேர்த்து வளர்த்தோ தொற்றச் செய்யுங்கள். சராசரியோடு எடைப் பரவலையும் அச்சிடுங்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் இ.எச்.பி. சோதித்துச் சொல்லுங்கள். ஒரு முழு அறுவடைக் காலம் குளத்தில் விட்டுப் பாருங்கள். பலிக்காத பொருளைப் பலிக்கவில்லை என்று வெளியிடுங்கள். நிதி தரும் அமைப்புகளும் பட்டம் தரும் பல்கலைக்கழகங்களும் இவற்றைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, தொட்டியில் மட்டும் வென்ற எந்தப் பொடியையும் பண்ணையாளர் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.