மழையில் மெரினா பஜ்ஜி

கோபாலபுரத்துக் குடும்பங்களுக்கு மெரினா அதிக தூரமில்லை. அதனாலேயே ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டிக்கொண்டு நின்றாலும் யாரும் குடை எடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையோ கடல் பக்கமிருந்து வருவது; மணலில் இருப்பவர்களைத்தான் முதலில் நனைக்கும்.

தூறல் விழுந்ததும் பலூன் சுடும் பலகை மடங்குகிறது, சுண்டல் தூக்கு மூடிக்கொள்கிறது. பஜ்ஜிக் கடைக்காரர் மட்டும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அடுப்பைக் கூட்டுகிறார். அவருக்கு இப்போதுதான் வியாபாரம். நீட்டு மிளகாயைக் காம்பைப் பிடித்துக் கடலை மாவில் முக்கி, பாத்திர விளிம்பில் ஒரு வழி வழித்து, எண்ணெயில் நழுவ விடுவார். அந்த வழிப்பில்தான் விஷயமே இருக்கிறது. மாவு தடித்தால் உள்ளே பச்சையாக நிற்கும். மெலிந்தால் மிளகாய் எண்ணெய் குடித்துத் துவண்டுவிடும். "அண்ணே, பாப்பாவுக்கு வாழைக்காய் போடுங்க" என்றால் தலையாட்டுவார், கை நிற்காது.

எதிரே விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கிய வீடு. அதன் எதிரில் நின்று கொதிக்கக் கொதிக்கத் தின்பதில் ஒரு குறும்பு இருக்கத்தான் செய்கிறது.

பஜ்ஜியைக் கீறி, வெங்காயம் அடைத்து, மிளகாய்த்தூள் தூவித் தரும் கடைகளும் உண்டு. மழை நாளில் அது வேண்டாம், ஆறிப்போகும். சட்னிகூட இடைஞ்சல்தான்.