கேஜ் சொல்லாத குறை

மறைமலை நகர், ஒரகடம் பக்கத்துப் பட்டறைகளில் துளை போட்ட பாகத்தைப் பிளக் கேஜ் விட்டுப் பார்ப்பார்கள். ‘கோ’ முனை உள்ளே போக வேண்டும். ‘நோ-கோ’ முனை போகக் கூடாது. துளையின் அளவை அது நொடியில் சொல்லிவிடும். துளை விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லாது. வலைப்பக்கத்தின் மார்க்அப்பைச் சோதிக்கும் எச்டிஎம்எல் வேலிடேட்டரும் அப்படியொரு கேஜ்தான்.

2002இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸில் கன்ட்ரோலை இழுத்துப் போட்டால் பக்கம் தயார். டெலிவரி ஷெட்யூல் காட்டும் வெண்டர் போர்ட்டல் போன்ற வேலைகளுக்கு அந்த வேகம் பெரிய வரம். ஆனால் கன்ட்ரோல் கக்கிய எச்டிஎம்எல்லில் லாகின் பெட்டியைச் சுற்றி ஒரு டேபிள், மெனுவுக்குள் டேபிள், முழ நீள ஐடிகள். இவற்றைச் சுத்தப்படுத்த 2006இல் சிஎஸ்எஸ் ஃபிரெண்ட்லி அடாப்டர்கள் வந்தன. 2010இல் வெளியான ஏஎஸ்பி.நெட் 4.0 பதிப்பு மெனுவைப் பட்டியலாக்கியது. வெளி டேபிளை நீக்கவும் ஐடியை நாமே தீர்மானிக்கவும் வழி தந்தது.

பலன் உண்மையானது. தோற்றம் முழுவதும் சிஎஸ்எஸ் கைக்கு வந்தது; மெனு பட்டியலானதும், பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதில் எத்தனை இணைப்புகள் என்று எண்ணிச் சொல்ல முடிந்தது.

சுத்தம் செய்யப் போய்ப் புதுக் குறைகளும் முளைத்தன. அடாப்டர் அந்த வகைக் கன்ட்ரோல் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்; கன்ட்ரோலில் கொடுத்த ஸ்டைல்களை மதிக்காது. ஐடியை ‘ஸ்டாட்டிக்’ ஆக்கிவிட்டு அதே கன்ட்ரோலை, தரவை டேபிளாகக் காட்டும் கிரிட்வியூவின் வரிசைகளுக்குள் வைத்தால், ஒரே ஐடி வரிசைதோறும் திரும்ப வரும்; தரநிலை தடுப்பது அதைத்தான். டேபிள் என்றாலே தீட்டு என்று எண்ணி, பாகம், தேதி, எண்ணிக்கை என்று நிரல் பிரிந்த ஷெட்யூலையும் டிவ்களாக உடைத்தால், எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் என்று ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியாது. வடிவமைப்புக்கு டேபிள் தவறு. தரவுக்கு அதுவே சரி.

இன்னும் நுட்பமான குறை, வேலிடேட்டர் வாய் திறக்காத இடத்தில் இருக்கிறது. லேபிள் கன்ட்ரோலில் எந்தப் பெட்டிக்கான லேபிள் என்று குறிக்காவிட்டால், அது வெறும் ஸ்பேன் ஆகத்தான் வெளிவரும். வேலிடேட்டரில் பிழை பூஜ்யம். பார்வையற்றவர் அந்தப் பெட்டிக்கு வந்தாலோ, பெயரில்லாத பெட்டிதான். துளை அளவு சரி, இடம் தவறு.

வலை அணுகல் விதிகளே இதை ஒப்புக்கொண்டுவிட்டன. 2008இன் டபிள்யூசிஏஜி 2.0இல் மார்க்அப் பிழையின்மைக்குத் தனி விதி இருந்தது. 2023இல் வந்த 2.2 அதை நீக்கிவிட்டது. பிழையான மார்க்அப்பை பிரவுசர்கள் ஒரே மாதிரி சரிக்கட்டப் பழகிவிட்டதால் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. ஒவ்வொரு கன்ட்ரோலின் பெயர், பங்கு, மதிப்பு ஆகியவற்றைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற விதி மட்டும் அப்படியே நிற்கிறது.

வெப் ஃபார்ம்ஸ், மைக்ரோசாஃப்ட்டின் புதிய தளமான டாட்நெட் கோருக்குள் வரவில்லை; அங்கே போவதானால் பக்கத்தைப் புதிதாக எழுதத்தான் வேண்டும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய பக்கத்தின் ஒவ்வொரு டேபிளையும் உரித்தெடுக்கச் செலவிடும் நாள்கள் வீண். லேபிளைப் பெட்டியோடு இணைப்பதும் கிரிட்வியூவுக்குத் தலைப்பு வரிசை தருவதும் ஓரிரு வரி வேலை. பலன் அங்கேதான் அதிகம். வேலிடேட்டரை விட்டுவிடச் சொல்லவில்லை. கேஜ் வைத்துப் பார்த்த பாகத்தையும் அசெம்பிளியில் ஒருமுறை பொருத்திப் பார்ப்பார்கள் அல்லவா? மவுஸை ஒதுக்கி, என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு, விசைப்பலகையால் மட்டும் ஒரு ஷெட்யூலைப் படித்து முடிக்க முடிகிறதா என்று பார்ப்பதே அந்தப் பொருத்தம்.