ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது!

ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோடு ஆரம்பிக்கிறேன். சில மாதங்களுக்கு முன்னால், நேரு வீதியை ஒட்டிய ஒரு சின்னப் புத்தகக் கடையில் அரை மணி நேரம் நின்று ஒரு வரலாற்று நூலைப் புரட்டினேன். விலை 400 ரூபாய். "பழைய பதிப்பை வாங்கிடாதீங்க சார், அதுல பின்னிணைப்பு கிடையாது" என்று சொல்லி, புதிய பதிப்பை உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டியவர் கடைக்காரர்தான். 10 சதவீதம் கழித்து 360-க்குத் தருவதாகச் சொன்னார். "அப்புறம் வர்றேன்" என்று வெளியே வந்து செல்போனில் பார்த்தேன். 312. அங்கேயே நின்று ஆர்டர் போட்டுவிட்டேன். அடுத்த முறை போனபோது, "அந்த புக் வாங்கிட்டீங்களா சார்?" என்று கேட்டார். வாங்கிட்டேன் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

பாரீசில் இருக்கும் என் மாமா மகனிடம் இதைச் சொன்னேன். (பாண்டிச்சேரிக்காரர்கள் பலருக்கு அங்கே இப்படி ஒரு சொந்தம் இருக்கும்.) அவன் சிரித்தான். "இங்க அந்த வேலையே நடக்காது மச்சான். ரயில்வே ஸ்டேஷன்ல வாங்கு, பெரிய கடையில வாங்கு, நெட்ல வாங்கு, புது புக்குக்கு ஏறக்குறைய ஒரே விலைதான். சட்டம் அப்படி."

அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்ததால் வந்தது இந்தப் பதிவு.

லாங் சட்டம்

1974-இல் பாரீசில் ஃப்னாக் என்ற பெரிய கடை புத்தகங்களை 20 சதவீதத் தள்ளுபடியில் விற்க ஆரம்பித்தது. 1979-இல் அரசாங்கமே விலையை முழுக்கக் கடைக்காரர்கள் கையில் விட்டது. சின்னக் கடைகள் அலறின. 1981 ஆகஸ்டில், கலாச்சார அமைச்சர் ழாக் லாங் பெயரில் சட்டம் வந்தது. புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர் நிர்ணயிப்பார். யாராக இருந்தாலும் அதில் 5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது.

இவ்வளவுதான் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். மூலத்தைப் படித்தால் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, புத்தகம் வந்து இரண்டு வருஷம் தாண்டி, கடைக்கு அது கடைசியாக வந்து ஆறு மாதமும் ஆகிவிட்டால், கடைக்காரர் இஷ்டப்பட்ட விலைக்கு விற்கலாம். இரண்டாவது, பதிப்பாளர் கடைகளுக்குக் கழிவு கொடுக்கும்போது, எத்தனை பிரதி எடுத்தார்கள் என்பதைவிட எவ்வளவு நல்ல சேவை தருகிறார்கள் என்பதற்குத்தான் அதிக மதிப்புத் தர வேண்டும். நம் கடைக்காரர் பின்னிணைப்பைப் பற்றிச் சொன்னாரே, அதற்கு அங்கே சட்டப்படி மதிப்பு உண்டு.

மென்பொருளைப் போலவே சட்டத்திலும் ஓட்டை வரும். இணையக் கடைகள் 5 சதவீதத்தோடு இலவச டெலிவரியும் கொடுத்தன. 2014-இல் அதைத் தடுத்தார்கள். அமேசான் டெலிவரிக்கு ஒரு சென்டிம் மட்டும் வாங்கியது! 2023 அக்டோபரில் அடுத்த பேட்ச்: 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டருக்கு டெலிவரிக் கட்டணம் குறைந்தது 3 யூரோ.

நம்ம ஊர் சட்டம்

பிரெஞ்சுக்காரர்கள் 1954-இலேயே கிளம்பிவிட்டதால் லாங் சட்டம் நம் பக்கம் வரவில்லை. இந்தியச் சட்டத்தின் போக்கு நேர் எதிரானது. எம்.ஆர்.பி. என்பது உச்ச விலை. அதற்கு மேல் விற்றால் குற்றம், கீழே எவ்வளவு போனாலும் கேள்வி இல்லை. "இதற்குக் கீழே விற்காதே" என்று கடைக்காரரோடு போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1969-ஆம் வருட எம்.ஆர்.டி.பி. சட்டமே சொன்னது. 2002-ஆம் வருடப் போட்டிச் சட்டம் கொஞ்சம் தளர்த்தியது: போட்டியைப் பெரிதாகப் பாதித்தால்தான் தப்பு.

ஏன் தப்பு என்பதற்கு மாருதி வழக்கு நல்ல உதாரணம். டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு அந்த நிறுவனம் ஒரு வரம்பு வைத்திருந்தது. அதைக் கண்காணிக்க, வாடிக்கையாளர் வேஷத்தில் ஆட்களை ஷோரூமுக்கு அனுப்பினார்கள். கூடுதலாகக் குறைத்த டீலருக்கு மட்டுமல்ல, அங்கே வேலை பார்க்கும் விற்பனை ஊழியருக்கும் அபராதம். ஒரு பெயரில்லாத மின்னஞ்சல் மூலம் விஷயம் வெளியே வந்தது. போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. இதற்கு முன் 2017-இல் ஹூண்டாய்க்கு விதித்த 87 கோடி, மேல்முறையீட்டில் அடுத்த வருஷமே ரத்தாகிவிட்டது. அதாவது இதை நிரூபிப்பது சுலபமல்ல.

அப்போ எது சரி?

தரை விலைக்கு ஆதரவாகப் பொருளாதார நிபுணர்கள் சொல்லும் முக்கியமான வாதம், நான் செய்த அதே திருட்டு வேலைதான். ஒரு கடை சேவை தரும். இன்னொரு கடை அந்தச் செலவு இல்லாமல் விலையைக் குறைத்து ஆளை இழுக்கும். கடைசியில் சேவை தருகிறவர் கடையை மூடுவார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் லீஜின் வழக்கில் இந்த வாதத்தை ஏற்றுத்தான், 1911 முதல் இருந்த முழுத் தடையை 5-க்கு 4 என்ற கணக்கில் எடுத்துவிட்டது.

எனக்கு இதில் ஒரு சந்தேகம். கார் ஷோரூமில் தள்ளுபடியைத் தடுத்தால் சேவை கூடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மிச்சமாகும் காசு டீலர் பாக்கெட்டுக்கும் போகலாம். மாருதி விஷயத்தில் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பேரம் பேசும் உரிமை போய்விட்டது. அந்தத் தரை விலையைப் போட்டது கம்பெனி, ரகசியமாக, தன் லாபத்துக்காக. பிரான்சில் போட்டது நாடாளுமன்றம், பகிரங்கமாக, காலக்கெடுவோடு, சேவைக்கு மதிப்புத் தரும் நிபந்தனையோடு. பொருளாதாரப் பாடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். என் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல.

லாங் சட்டத்தைக் கொண்டாடுகிறவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. பிரிட்டனில் 1900-இல் தொடங்கிய புத்தக விலை ஒப்பந்தம் 1995-இல் உடைந்தது. அடுத்த இருபது வருஷத்தில் தனிக் கடைகள் பாதிக்கும் கீழே குறைந்தன என்பார்கள். சரிதான், ஆனால் அதே காலத்தில்தான் அமேசானும் வந்தது. முழுப் பழியையும் ஒன்றின் மேல் போட முடியாது. தவிர, 5 சதவீத வரம்பு ஏழை மாணவனுக்கும் சேர்த்துத்தான். இன்ஜினியரிங் படித்த காலத்தில் சென்னைப் புத்தகக் காட்சியின் 10 சதவீதக் கழிவுக்காகவே பஸ் ஏறிப் போனவன் நான்.

ஆனால் நம் முறையில் அந்த மாணவனுக்கு உண்மையிலேயே லாபமா? எல்லாரும் தள்ளுபடி கேட்பார்கள் என்று தெரிந்தால், பதிப்பாளர் என்ன செய்வார்? 320 ரூபாய் போட வேண்டிய புத்தகத்தில் 400 என்று அச்சடிப்பார். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் ஜவுளியில் ஒட்டும் விலை மாதிரி. பெரிய இணையக் கடை 400-ல் 20 சதவீதம் குறைத்து நிஜ விலைக்கு வரும். அவ்வளவு குறைக்க முடியாத சின்னக் கடை மட்டும் கொள்ளையடிப்பது போலத் தெரியும். உச்ச விலையை மட்டும் கட்டுப்படுத்தி, கீழே திறந்துவிட்ட சட்டத்தின் பக்கவிளைவு இது. தள்ளுபடி வரம்பு 5 சதவீதம் என்றால் அட்டையில் இருக்கும் விலை நிஜ விலையாக இருந்தாக வேண்டும்.

அதனால் என் நிலைப்பாடு இது. கார், டிவி, செல்போனில் உற்பத்தியாளர் தரை விலை வைப்பதைத் தடுக்கும் நம் சட்டம் சரி. அதைத் தளர்த்தக் கூடாது. புத்தகத்துக்கு மட்டும், முதல் இரண்டு வருஷத்துக்கு, சட்டசபையோ நாடாளுமன்றமோ பகிரங்கமாகப் போடும் ஒரு வரம்பு வேண்டும். அது வந்தாலும் நம் கடைகள் எல்லாம் பிழைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். கடைக்காரர் வாயால் தெரிந்துகொண்டு, காசை வேறு இடத்தில் கொடுக்கும் என் மாதிரி ஆட்களுக்கு அந்த வசதி இருக்காது, அவ்வளவுதான்.

நான் மிச்சம் பிடித்தது 48 ரூபாய். அந்தப் பின்னிணைப்பைத்தான் இதுவரை நாலு முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.